நாலு பேர் கம்பெனிக்கு புராடக்ட் மேனேஜர் எதற்கு? மொரீஷியஸின் ஐடி நகரமான எபேனில் தொழில் தொடங்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

போன வாரம் ரோஸ் ஹில்லில் நண்பர் வீட்டு மொட்டை மாடியில் கூடியிருந்தோமே, அன்று நான் கிளம்பும் நேரத்தில் உங்களில் ஒருவர் கேட்டார்: "அக்கா, நாங்க மொத்தமே நாலு பேர். கோடு எழுத ரெண்டு பேர், டிசைனுக்கு ஒருத்தர், பணம் தேடி அலைய நான். இதுல எதைச் செய்யணும்னு பார்த்துச் சொல்ல புராடக்ட் மேனேஜர்னு ஒருத்தருக்குச் சம்பளம் கொடுத்து என்ன ஆகப் போகுது?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, மெட்ரோவைப் பிடிக்கும் அவசரத்தில் "அப்புறம் சொல்றேன்" என்று இறங்கி வந்துவிட்டேன்.

கேட்டவருக்கு மட்டும் தனியாக எழுதியிருக்கலாம். ஆனால் மற்றவர்கள் மனதிலும் அதே கேள்வி இருந்தது என்று அவர்கள் சிரித்த விதத்திலேயே தெரிந்தது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு எங்கிருந்து வந்தது என்றால், ஒரு கம்பெனியை மூடிய அனுபவத்தில் இருந்து.

சில வருடங்களுக்கு முன்பு நானும் இரண்டு நண்பர்களும் ஒரு செயலி செய்தோம். வீட்டில் இருந்தபடியே சந்தைக் கடைக்காரரிடம் காய்கறி ஆர்டர் செய்யலாம். சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது பையை வாங்கிக்கொள்ளலாம். யோசனையில் தப்பு இல்லை, இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். எட்டு மாதம் ராப்பகலாக எழுதினோம். வாடிக்கையாளருக்குப் புள்ளிகள், கடைக்காரருக்கு நட்சத்திர மதிப்பெண், பை எங்கே இருக்கிறது என்று காட்டும் வரைபடம் என்று ஒன்று விடவில்லை. நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்ட விஷயம் ஒன்று உண்டு. ஆர்டர் வந்ததும் கடைக்காரர் மூன்று நிமிடத்துக்குள் 'ஏற்கிறேன்' பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் ஆர்டர் பக்கத்துக் கடைக்குப் போய்விடும். எவ்வளவு சாமர்த்தியம் என்று நாங்களே தோளைத் தட்டிக்கொண்டோம்.

செயலி வெளியானது. ஆர்டர்களும் வந்தன. ஒருவரும் ஏற்கவில்லை.

மூன்றாவது வாரம்தான் நான் காத்ர்போர்ன் சந்தைக்கு விடியற்காலையில் போய் நின்றேன். கவனியுங்கள், எட்டு மாதமும் மூன்று வாரமும் கழித்து. எல்லோரும் தோந்தோன் என்று கூப்பிடும் பெரியவர் ஒருவரின் கீரைக்கடை. தாத்தா வழியில் தமிழர், பேச்சு முழுக்க இந்தத் தீவின் கிரியோல் மொழி. கையில் ஒரு தகர டப்பா. அதில் இருந்து கீரைக் கட்டுகளுக்கு மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார். விரல்களில் ஈரம், நகத்தில் மண். போனை மெல்லிய பிளாஸ்டிக் பையில் போட்டு, கடையின் மரச்சட்டத்தில் அடித்த ஆணியில் மாட்டியிருந்தார். எங்கள் ஆர்டர் வந்து போன் கத்தியது. ஈர விரலால் பையின் மேல் ஒரு தட்டு தட்டினார். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தட்டு. அதற்குள் ஒரு அம்மாள் பத்து ரூபாய்க்குக் கீரை கேட்க, அவர் திரும்பிக்கொண்டார். மூன்று நிமிடம் போயிற்று, ஆர்டரும் போயிற்று.

"ஏன் தோந்தோன், அழுத்தலாமே?" என்றேன். "மோ பெனா லெத்தான்" என்றார். எனக்கு நேரம் இல்லை என்று அர்த்தம். நேரம் இல்லாதவர், அடுத்த நிமிடமே வாட்ஸ்அப்பில் வந்த ஒரு குரல் செய்தியை, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு முழுதாகக் கேட்டார். கேட்டுக்கொண்டே கட்டுக் கட்டினார். பிறகு தராசுக்குப் பக்கத்தில் சணல் கயிற்றில் கட்டித் தொங்கிய அரை பென்சிலை எடுத்து, பள்ளிக்கூட நோட்டில் ஏதோ கிறுக்கினார். எட்டிப் பார்த்தேன். பெயர் இல்லை, நம்பர் இல்லை. 'வெள்ளைக் கார்', 'டீச்சர்', 'மாடி வீடு' என்ற மாதிரி குறிப்புகள், பக்கத்தில் கோடுகள். எந்த டீச்சருக்கு எத்தனை கட்டு என்பது அவருக்குத் தெரியும். அந்த டீச்சருக்கும் தெரியும்.

ஆக, ஆர்டர் எடுக்கும் ஏற்பாடு அவரிடம் ஏற்கனவே இருந்தது. நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு ஒரே ஒரு தொந்தரவுதான்: சொல்லிவைத்தவர்கள் சில பேர் வராமல் போவார்கள், சாயங்காலம் கீரை வாடிவிடும். எங்கள் செயலியில் இருந்த இருபத்துச் சொச்சம் வசதிகளில் இதற்கு மட்டும் ஒன்றும் இல்லை. முன்பணம் வாங்கும் வசதி செய்திருந்தால் போதும். இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் 'ஜூஸ்ல போட்டுடறேன்' என்று, ஜூஸ் என்ற வங்கி ஆப்பில் நொடியில் பணம் அனுப்புகிறார்கள். அதைக்கூட நாங்கள் இணைக்கவில்லை.

எங்கள் கம்பெனியை மூடுவது என்று முடிவான பிறகு, தேடல் பெட்டியில் மக்கள் என்னென்ன தேடியிருக்கிறார்கள் என்ற பட்டியலைத் திறந்து பார்த்தேன். அதுவரை யாரும் திறக்கவில்லை, அது யார் வேலை என்று யாருக்கும் தெரியாததால். அதிகம் தேடப்பட்டு, 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்று பதில் வந்த சொல் எது தெரியுமா? கொத்தோமிலி. ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் அடித்திருந்தார்கள். நாங்கள் ஆங்கிலத்தில் கோரியாண்டர் என்றும் பிரெஞ்சில் கோரியாந்த்ர் என்றும் ஏற்றி வைத்திருந்தோம். அடுத்தது காரிபுலே. அதற்கடுத்து முரும், அதாவது நம் முருங்கைக்கீரை. செயலி செய்த மூன்று பேருக்கும் தாய்மொழி தமிழ். கொத்தமல்லியையும் கறிவேப்பிலையையும் கப்பலேறி வந்த நம் ஆட்கள் இந்தத் தீவின் கிரியோலுக்கே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்கள் செயலிக்கு மட்டும் அது தெரியவில்லை. அன்று ராத்திரி எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த எட்டு மாதத்தில் எங்களிடம் இல்லாமல் போனது கோடு எழுதும் திறமை இல்லை. யாருக்காகச் செய்கிறோம், அவர்களின் எந்தத் தொந்தரவு முதலில், எதைச் செய்யாமல் விடுவது என்ற மூன்றையும் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்ட ஒரு ஆள் இல்லை. அந்த ஆளுக்குத்தான் புராடக்ட் மேனேஜர் என்று பெயர். ஒரு வாரம் சந்தையில் நின்றிருந்தால் ஆறு மாதக் கூலி மிச்சம். கணக்கு அவ்வளவுதான்.

ஏன் நாங்கள் அப்படி நடந்துகொண்டோம் என்று பிறகு நிறைய யோசித்தேன். புத்தி இல்லாமல் இல்லை, பழக்கம் அப்படி. எபேனில் நம்மில் பாதிப் பேர் எங்கே வேலை கற்றோம்? பிரெஞ்சு வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்து கொடுக்கும் கம்பெனிகளில். பாரிசுக்கும் நமக்கும் அவர்களுடைய கோடையில் இரண்டு மணி நேரம், அவர்களுடைய குளிர்காலத்தில் மூன்று மணி நேரம்தான் வித்தியாசம். அவர்கள் காப்பி குடித்துவிட்டு உட்காரும்போது நாம் தயாராக இருப்போம். அங்கிருந்து ஒரு காயே தே ஷார்ஜ் வரும். என்ன வேண்டும் என்பதை வரிவரியாக எழுதிய கோப்பு. எண்பது பக்கம், நூறு பக்கம். அதில் இருப்பதை இருக்கிறபடி செய்தால் கெட்டிக்காரர். 'இது எதற்கு?' என்று கேட்டால் தலைவலி பிடித்தவர். பத்து வருடம் இப்படிப் பழகியவர், சொந்தமாகக் கம்பெனி தொடங்கும் அன்று என்ன செய்வார்? தனக்குத்தானே ஒரு காயே தே ஷார்ஜ் எழுதிக்கொள்வார். நாங்கள் எழுதிக்கொண்டோம். அறுபத்திரண்டு பக்கம். அதில் தோந்தோனின் ஈரக் கை எந்தப் பக்கத்திலும் இல்லை.

அந்த எண்பது பக்கத்துக்குப் பின்னால் பாரிசில் யாரோ ஒருவர் கடைகடையாக அலைந்து, சண்டை போட்டு, பாதியை வெட்டி எறிந்திருப்பார் என்பது நமக்குத் தெரியாது. நமக்கு வந்தது அவருடைய விடை மட்டும். சொந்தக் கம்பெனியில் அந்த அலைச்சலும் நம்முடையதாகிவிடுகிறது.

இந்த வேலை மென்பொருளுக்கும் முந்தியது. 1931ல் அமெரிக்காவின் புராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனியில் நீல் மெக்எல்ராய் என்ற இளைஞர் காமே சோப்பின் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே கம்பெனியின் ஐவரி சோப்புதான் செல்லப்பிள்ளை. காமேவுக்காகப் பேச ஆள் இல்லை. அவர் மேலிடத்துக்கு மூன்று பக்கத்தில் ஒரு குறிப்பு அனுப்பினார். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும். எங்கே விற்கிறது, எங்கே விற்கவில்லை, ஏன் என்று அவர் நேரில் போய்ப் பார்த்துப் படிக்க வேண்டும் என்பது சாரம். இன்றைய புராடக்ட் மேனேஜரின் கொள்ளுத் தாத்தா அந்தக் குறிப்புதான். (மெக்எல்ராய் பின்னாளில் அமெரிக்காவின் பாதுகாப்பு அமைச்சராகவே ஆனார். சோப்பில் ஆரம்பித்து எங்கே போய் முடிகிறது பாருங்கள்.) பிற்பாடு அதே கம்பெனியில் வேலை பார்த்த ஸ்காட் குக் வெளியே வந்து 1983ல் இன்ட்யூட் மென்பொருள் கம்பெனியைத் தொடங்கினார். கடையில் தங்கள் மென்பொருளை வாங்குபவரிடம் அனுமதி கேட்டு, அவர் பின்னாலேயே வீட்டுக்குப் போய், அவர் அதை எப்படி நிறுவிப் பயன்படுத்துகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது அந்தக் கம்பெனி ஆட்களின் வழக்கமாக இருந்தது. நான் சந்தைக்குப் போன அதே வேலை, ஆனால் நேரத்தோடு.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் நம் ஆப்பிரிக்காவில்தான் இருக்கிறது. கென்யாவின் எம்-பெசாவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது பணம் அனுப்பும் சேவையாகப் பிறக்கவில்லை. 2005ல் சோதனை ஆரம்பித்தபோது நோக்கம் வேறு: சிறுகடன் வாங்கியவர்கள் தவணையைச் செல்போன் வழியாகக் கட்டுவது. சோதனையில் இருந்த மக்கள் தவணையோடு நிற்கவில்லை. ஒருவருக்கொருவர் பணம் அனுப்பிக்கொண்டார்கள். வெளியூர் போகும் முன்பு பணத்தைப் போனில் போட்டுவிட்டு, போய்ச் சேர்ந்த ஊரில் எடுத்துக்கொண்டார்கள், வழியில் திருட்டுப் பயம் இல்லாமல். இதைப் பார்த்தவர்கள், 'நாங்கள் சொன்னபடி நீங்கள் பயன்படுத்தவில்லையே' என்று கோபித்துக்கொள்ளாமல், கடன் தவணையை ஓரமாக வைத்தார்கள். 2007 மார்ச்சில் 'வீட்டுக்குப் பணம் அனுப்பு' என்ற ஒற்றை வாக்கியத்தோடு சேவையை வெளியிட்டார்கள். அதற்கப்புறம் நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. என் கண்ணில் அந்தத் திட்டத்தின் மிகப் பெரிய வேலை, அந்தச் சோதனைக் குறிப்புகளை உட்கார்ந்து படித்து, கையில் இருந்த திட்டத்தை மாற்றும் தைரியம் யாருக்கோ வந்ததுதான்.

'எங்களிடம் முதலீடு வந்துவிட்டால் இதெல்லாம் தன்னால் சரியாகும்' என்பவர்களுக்கு ஜூசெரோவை ஞாபகப்படுத்துகிறேன். கலிபோர்னியாக்காரர்கள் ஏறக்குறைய 12 கோடி டாலர் திரட்டி, இணையத்தோடு இணைந்த பழச்சாறு பிழியும் இயந்திரம் செய்தார்கள். முதல் விலை 699 டாலர். 2017ல் பத்திரிகையாளர்கள் அந்த இயந்திரத்துக்குள் போடும் சாறுப் பையை எடுத்து வெறும் கையால் பிழிந்தார்கள். ஏறத்தாழ அதே அளவு சாறு வந்தது. அந்த வருடமே கம்பெனி மூடப்பட்டது. அதில் வேலை செய்த பொறியாளர்கள் அசகாய சூரர்கள் என்கிறார்கள், சந்தேகமே இல்லை.

சரி, இது எல்லா ஊருக்கும் பொருந்தும். நம் தீவுக்கு என்று தனியாக இரண்டு சிக்கல் இருக்கிறது.

இங்கே மொத்த ஜனத்தொகை சுமார் 12.5 லட்சம். மதுரையையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்தால் இதைவிட அதிகம் வரும். சென்னையில் ஒரு செயலி தப்பாகப் போனால் அடுத்த பேட்டையில் போய் மறுபடி முயற்சி செய்யலாம். கெட்ட பேர் அங்கே போய்ச் சேர நாளாகும். இங்கே திங்கட்கிழமை ஒருவர் நொந்துகொண்டால் புதன்கிழமைக்குள் தீவு முழுக்கத் தெரியும். அதோடு, உங்கள் முதல் ஐம்பது பயனாளர்கள் யார்? சித்தி பையன், கோயிலில் பார்ப்பவர், பழைய ஆபீஸ் நண்பர். காவடி அன்று பால்குடத்தோடு வரிசையில் நிற்கும்போதுகூட "உங்க ஆப் சூப்பர்" என்று சொல்வார்கள். நம் முகத்துக்காகச் சொல்வது அது. எங்களுக்கு அப்படி நாற்பது 'சூப்பர்' கிடைத்தது. அதில் முப்பத்தைந்து பேர் இரண்டாவது ஆர்டர் போடவில்லை. நல்ல புராடக்ட் மேனேஜர் 'பிடிச்சிருக்கா?' என்று கேட்கவே மாட்டார். 'போன வாரம் காய் எங்கே வாங்கினீங்க? யார் போனது? பை எத்தனை? ஏதாவது மறந்து போச்சா?' என்று நடந்ததைக் கேட்பார். நடந்ததைச் சொல்லும்போது சொந்தக்காரர்களுக்கு முகத்தாட்சண்யம் பார்க்க இடம் இல்லை.

இரண்டாவது, 'முடியாது' என்று சொல்வது. ஒரு பெரிய ஹோட்டல் உங்களிடம் வந்து, எங்களுக்கு மட்டும் இப்படி ஒரு அறிக்கை வேண்டும், இன்னொரு திரை வேண்டும் என்று கேட்கும். அங்கே கொள்முதல் பார்ப்பவர் உங்கள் மாமன் மகளின் கணவராக இருப்பார். சரி என்பீர்கள். அடுத்து இன்னொன்று. ஒரு வருடத்தில் உங்கள் மென்பொருள் அந்த ஒரு ஹோட்டலின் சொந்த மென்பொருள் ஆகிவிடும், ஆனால் பணம் மட்டும் பழைய சந்தாதான். முடியாது என்று சொல்ல, ஏன் முடியாது என்று பயன்பாட்டுக் கணக்கோடு பொறுமையாகச் சொல்ல, அந்தப் பழியைத் தன் தலையில் வாங்கிக்கொள்ள ஒரு ஆள் இருந்தால், நீங்கள் அந்தச் சொந்தக்காரரோடு கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து ஏழு கறியும் நிம்மதியாகச் சாப்பிடலாம். பாதி விளையாட்டாகத்தான் சொல்கிறேன்.

எது முன்னால், எது பின்னால் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நம் பர்சில் இருக்கும் ரூபாய் நோட்டே சொல்லும். முதலில் ஆங்கிலம், அடுத்து தமிழ், அதன் பிறகு இந்தி. 1998ல் வந்த நோட்டில் தமிழும் இந்தியும் இடம் மாறி அச்சாகியிருந்தன. தமிழர்கள் கொதித்துப் போனார்கள். நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. மத்திய வங்கியின் ஆளுநர் பதவியே போயிற்று. அந்த நோட்டைக் கடையில் நீட்டினால் பொருள் கிடைத்திருக்கும், ரூபாய் மதிப்பிலும் குறைவில்லை. கையில் வாங்குகிறவர் அதை எப்படிப் பார்ப்பார் என்பதுதான் விட்டுப்போயிருந்தது. உங்கள் செயலியின் முதல் திரையில் எந்த மொழி, எந்தப் பொத்தான் என்று முடிவு செய்யும்போது அந்த நோட்டை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, 'அப்படியானால் நாளைக்கே ஒருவரை எடுக்க வேண்டுமா?' என்றால், வேண்டாம். நாலு பேர் இருக்கும்போது நீங்களே செய்யுங்கள். பணம் தேடி அலையும் தம்பிதான் இப்போதைக்கு புராடக்ட் மேனேஜர். ஆனால் அவர் அதைத் தெரிந்து செய்ய வேண்டும். வாரத்தில் ஒரு காலை முழுக்க வாடிக்கையாளர் பக்கத்தில். இன்னொரு சாயங்காலம், வந்த புகார்களை அவரே ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும், சுருக்கம் கேட்காமல். எதையெல்லாம் செய்யப் போவதில்லை, ஏன் என்று எழுத ஒரு நோட்டு. என்னிடம் இப்போது அப்படி மூன்று நோட்டு நிரம்பிவிட்டது. செய்தவற்றின் பட்டியலைவிட அதைத்தான் அடிக்கடி புரட்டுகிறேன்.

உங்களுக்கு வெளியாள் தேவைப்படும் நாள் வரும்போது தெரியும். ஒரே வசதியைப் பற்றி இரண்டு பொறியாளர்களிடம் கேட்டால் இரண்டு கதை சொல்வார்கள். விற்கப் போனவர் இல்லாத ஒன்றை இருப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டு வருவார். கடைசியாக எப்போது ஒரு வாடிக்கையாளர் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள் என்று கேட்டால் உங்களுக்குத் தேதி ஞாபகம் வராது. அன்று எடுங்கள். எடுக்கும்போது, அழகான சான்றிதழையும் ஜிரா என்ற வேலைப்பட்டியல் மென்பொருளில் டிக்கெட் நகர்த்திய அனுபவத்தையும் மட்டும் பார்த்து எடுத்துவிடாதீர்கள். அப்படிப்பட்ட ஒருவர் இன்னொரு காயே தே ஷார்ஜ் எழுதுவார், அவ்வளவுதான். 'நீங்கள் தப்பென்று தெரிந்து கைவிட்ட யோசனை ஒன்றைச் சொல்லுங்கள்' என்று கேளுங்கள். உடனே ஒரு கதை வரவில்லை என்றால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஏஐ வந்துவிட்டதே என்று அன்று ஒரு தங்கை சொன்னாள். ஆமாம், நாங்கள் எட்டு மாதத்தில் எழுதியதை இன்று நீங்கள் எட்டு வாரத்தில் எழுதிவிடுவீர்கள். தப்பான செயலியும் எட்டே வாரத்தில் தயாராகிவிடும்.

வரும் சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு நான் காத்ர்போர்ன் சந்தையில் இருப்பேன். யார் வேண்டுமானாலும் வரலாம், லேப்டாப் வேண்டாம். தோந்தோன் இன்னும் அதே இடத்தில்தான் கடை போடுகிறார். போன் மாறிவிட்டது, நோட்டும் பென்சிலும் மாறவில்லை. போய் நின்றதும் எதுவும் விளக்க ஆரம்பிக்காதீர்கள். முதலில் கொத்தோமிலி ஒரு கட்டு கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா